வக்கேஷன் ஸ்கீமா, நேரடி விண்ணப்பமா, பரலீகல் வேலையா?

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். லண்டனில் ஒரு சட்ட நிறுவனத்தின் விண்ணப்பப் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். ஒன்று, மாணவர்கள் சில கிழமை நிறுவனத்தில் வேலை பழகும் கோடைகால வக்கேஷன் ஸ்கீமுக்கு. மற்றது, சொலிசிட்டர் (வழக்கறிஞர்) ஆவதற்கான இரண்டு வருஷப் பயிற்சி இடமாகிய ட்ரெய்னிங் கொன்ட்ராக்டுக்கு நேரே. இரண்டு கிழமை அங்கே போய் வேலை செய்து காட்டிவிட்டு, பிறகு நேர்முகமும் கொடுப்பதென்றால் அது வீண் சுற்று என்று எனக்குப் பட்டது. நேரடிப் பொத்தானை அழுத்தினேன். மூன்று கிழமையில் மறுப்பு வந்தது. அந்த நிறுவனம் பயிற்சியாளர்களில் பெரும்பாலானோரை ஸ்கீமுக்கு வந்தவர்களிலிருந்தே எடுக்கிறது என்பதையும், ஒருவர் ஆண்டுக்கு ஒரு விண்ணப்பம்தான் போடலாம் என்பதையும் அதற்குப் பிறகுதான் வாசித்தேன். அந்த நிறுவனத்தைப் பொறுத்தவரை ஒரு வருஷம் போய்விட்டது.

நான்கு வருஷம் கழித்து, பரலீகலாக, அதாவது சொலிசிட்டர்களின் கீழ் சட்ட உதவியாளராக, இரண்டரை வருஷம் வேலை செய்த கையோடு, இன்னொரு நிறுவனத்துக்கு அதே நேரடி வழியில் விண்ணப்பித்தேன். இடம் கிடைத்தது. இரண்டாம் ஆண்டு மாணவியாக எனக்குக் கைகொடுக்காத வழி, வேலை தெரிந்தவளாகப் போனபோது சரிவந்தது. அதனால்தான் ‘எந்த வழி நல்லது’ என்று பிள்ளைகள் கேட்கும்போது, ‘உன் கையில் இப்போது காட்டுவதற்கு என்ன இருக்கிறது’ என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

முதலில் எது கட்டாயம், எது நிறுவனங்களின் பழக்கம் என்று பிரித்துக்கொள்வோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சொலிசிட்டர் ஆக நான்கு விஷயங்கள் வேண்டும்: எந்தப் பாடத்திலாவது ஒரு பட்டம் அல்லது அதற்குச் சமமான தகுதி, எஸ்.கியு.ஈ. என்ற சொலிசிட்டர் தகுதிப் பரீட்சையின் இரண்டு பகுதிகள், இரண்டு வருஷத் தகுதி வேலை அனுபவம், நன்னடத்தைச் சோதனை. 2021 செப்டம்பரில் இருந்து இதுதான் நடைமுறை. அதற்கு முன்பே சட்டப் படிப்பைத் தொடங்கியவர்கள் எல்.பி.சி. என்ற பழைய சட்டத் தொழில் படிப்பு வழியில் 2032 முடியும் வரை போகலாம். ஸ்கொட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் விதிகள் வேறு.

ட்ரெய்னிங் கொன்ட்ராக்ட் என்பது இந்த நான்கில் ஒன்றல்ல. ஒரு நிறுவனம் உங்களை இரண்டு வருஷம் சம்பளத்தோடு வைத்து, பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒரு பிரிவாக நான்கு பிரிவுகளில் பழக்கி, அந்தக் காலத்தைத் தகுதி அனுபவமாக ஒப்பமிட்டுத் தரும் ஏற்பாடு அது. பெரிய நிறுவனங்கள் எஸ்.கியு.ஈ. படிப்புச் செலவையும், படிக்கும் காலத்தில் வாழ்க்கைச் செலவுக்கு ஒரு தொகையையும் தருகின்றன. லண்டன் சிட்டியின் பெரிய நிறுவனங்களில் முதலாண்டுச் சம்பளம் 50,000 பவுண்டைத் தாண்டும். ஆகவே எல்லோரும் அதையே பிடிக்க ஓடுவதில் வியப்பில்லை. சட்டம் படிப்பவர்கள் இரண்டாம் ஆண்டிலும், வேறு பாடம் படிப்பவர்கள் இறுதி ஆண்டிலும் விண்ணப்பிக்க வேண்டும். வேலை தொடங்குவது அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான். நம் வீடுகளில் பட்டம் முடிந்த பிறகு வேலை தேடலாம் என்று இருக்கும் பிள்ளைகளுக்கு இது தெரியவரும்போது முதல் சுற்று முடிந்திருக்கும்.

ஸ்கீமும் நேரடி விண்ணப்பமும்

இரண்டுக்கும் முதற்கட்டம் ஒன்றுதான்: விண்ணப்பப் படிவம், பிறகு இணையத்தில் ஒரு பரீட்சை. பல நிறுவனங்கள் வட்சன் கிளேசர் என்ற பரீட்சையை வைக்கின்றன. 40 கேள்விகள், 30 நிமிடம். சட்டம் தெரியத் தேவையில்லை. வாசித்ததிலிருந்து எவ்வளவு முடிவெடுக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதுதான் சோதனை. நானே ஆக்கிய ஓர் உதாரணம்: ‘ஒரு நகரசபை தன் மூன்று நூலகங்களில் ஒன்றை மூடியது. அடுத்த வருஷம் மற்ற இரண்டிலும் இரவல் எடுக்கப்பட்ட புத்தகங்களின் தொகை கூடியது.’ இதிலிருந்து ‘மூடிய நூலகத்தின் வாசகர்கள் மற்ற இரண்டுக்கும் போனார்கள்’ என்பது உண்மையா? கெட்டிக்காரப் பிள்ளைகள் உடனே ‘உண்மை’ என்று அழுத்துவார்கள். யார் வந்து எடுத்தார்கள் என்று அந்த இரண்டு வரியில் எங்கேயும் இல்லை. பழைய வாசகர்களே கூடுதலாக எடுத்திருக்கலாம். ‘உண்மை’ என்பது நிச்சயமாகப் பிழை. வெளியுலக அறிவைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு வாசிக்கப் பழக வேண்டும். இரண்டு கிழமை தினமும் பயிற்சி செய்தால் புள்ளி கூடும். பயிற்சி இல்லாமல் போய் உட்கார்ந்து, நல்ல படிவத்தையும் சேர்த்து இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு பாதைகள் பிரிகின்றன. நேரடி வழியில் ஒரு நாள் மதிப்பீடு: குழுவாக ஒரு வேலை, ஒரு எழுத்து வேலை, நிறுவனத்தின் பங்காளர்களான இரண்டு பார்ட்னர்களோடு நேர்முகம். ஸ்கீம் வழியில் ஒன்று முதல் மூன்று கிழமை அவர்களோடு இருப்பீர்கள். சம்பளமும் உண்டு, ஆகவே கடையில் பகுதிநேர வேலையை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று தயங்க வேண்டாம். கடைசி நாட்களில் நேர்முகம்.

நான் இப்போது வேலை செய்யும் இடத்தில் ஒவ்வொரு கோடையிலும் ஸ்கீம் பிள்ளைகள் எங்கள் சொத்துப் பிரிவுக்கு வருவார்கள். ஒரு முறை இரண்டு பேருக்கு ஒரே வேலை கொடுத்தோம். நாற்பது பக்கக் கடைக் குத்தகை ஒப்பந்தம். குத்தகைக்காரர் காலம் முடிவதற்கு முன்பே வெளியேற விரும்புகிறார், முடியுமா என்று வாடிக்கையாளருக்கு எழுத வேண்டும். ஒருவர் இரண்டு பக்கம் எழுதினார். விதியின் வரலாறு, வழக்குகள், எல்லாம் சரியாகவே இருந்தன. மற்றவர் எழுதிய மின்னஞ்சலின் முதல் வரி: ‘முடியும், ஆனால் நோட்டீஸ் இந்தத் திகதிக்கு முன் நில உரிமையாளரின் கையில் இருக்க வேண்டும்.’ இரண்டாவது வரி: ‘வெளியேறும் நாளில் கடையில் ஒரு பொருளும் இருக்கக்கூடாது, குளிரூட்டியையும் எடுத்துவிடுங்கள்.’ அவருக்குப் பாடப் புள்ளிகள் மற்றவரைவிடக் குறைவு. அப்பாவின் கடையில் வளர்ந்த பிள்ளை என்று பிறகு தெரிந்தது. குத்தகை என்றால் என்ன, அது முடியும்போது என்ன நடக்கும் என்று கண்ணால் கண்டவர். ஒரு நாள் மதிப்பீட்டில் அது வெளிப்பட்டிருக்குமா என்பது சந்தேகம். இரண்டு கிழமையில் வெளிப்பட்டது.

பேச்சில் உடனே பளிச்சென்று தெரியாத, பழகப் பழக மதிப்புக் கூடும் பிள்ளைகளுக்கு ஸ்கீம்தான் வழி என்பது என் எண்ணம். நம் பிள்ளைகளில் பலர் அப்படித்தான். பெரியவர்கள் முன்னால் தன்னைப் பற்றிச் சொல்வது மரியாதையல்ல என்று பழக்கி வளர்த்திருக்கிறோம். முதல் நேர்முகத்தில் அது ‘ஆர்வம் போதாது’ என்று எழுதப்படுகிறது. இன்னொரு நன்மையும் உண்டு: அந்த இடம் உங்களுக்குப் பிடிக்கிறதா என்று நீங்களும் பார்க்கலாம். மாலை ஏழு மணிக்குப் பயிற்சியாளர்களின் முகம் எப்படி இருக்கிறது என்பது எந்தக் கையேட்டிலும் இருக்காது.

நேரடி வழி யாருக்கு? வேறு தொழிலில் இருந்து வருபவர்கள், பரலீகல் அனுபவம் உள்ளவர்கள், ஸ்கீம் காலத்தில் விடுமுறை எடுக்க முடியாதவர்கள். வேலை செய்த கதை ஏற்கெனவே கையில் இருப்பதால் அவர்கள் செய்து காட்ட வேண்டியதில்லை, சொன்னாலே போதும். என் இரண்டாவது நேர்முகத்தில், ஒரு வாடகை வழக்கில் நான் தயாரித்த ஆவணக் கட்டைப் பற்றியே இருபது நிமிடம் கதைத்தோம். இரண்டாம் ஆண்டு மாணவியாகப் போயிருந்தால் விவாதக் கழகத்தைப் பற்றித்தான் சொல்லியிருப்பேன்.

எந்தப் பொத்தானையும் அழுத்துவதற்கு முன் அந்த நிறுவனத்தின் ஆட்சேர்ப்புப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். போன வருஷம் எத்தனை இடங்களை ஸ்கீம் மூலம் நிரப்பினீர்கள்? ஒருவர் ஒரே ஆண்டில் இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாமா? விண்ணப்பங்களை வர வரப் பார்க்கிறீர்களா, கடைசித் திகதிக்குப் பிறகு பார்க்கிறீர்களா? இதைக் கேட்பதால் யாரும் குறைவாக நினைக்கமாட்டார்கள். வர வரப் பார்க்கும் நிறுவனம் என்றால், கடைசித் திகதி ஜனவரி என்று போட்டிருந்தாலும் ஒக்டோபரில் அனுப்பியவருக்கே வாய்ப்புக் கூட. அறுபது இடத்துக்கு ஒரே படிவத்தை அனுப்புவதைவிட, பத்து நிறுவனங்களை வாசித்து எழுதுவது மேல். ஏழு இடத்தை ஸ்கீமுக்கும், ஸ்கீமே இல்லாத சிறு, நடுத்தர நிறுவனங்கள் மூன்றை நேரடிக்கும் வைத்துக்கொள்ளலாம்.

மாமாவின் நண்பருடைய அலுவலகம்

லண்டனில் ஹரோ, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பக்கம் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பரலீகல் வழி பிறக்கும்போதே திறந்திருக்கிறது. குடிவரவு, அகதி வழக்குகளைப் பார்க்கும் ஒரு சிறிய அலுவலகம். அதை நடத்துபவரை வீட்டில் யாருக்காவது தெரியும். ‘போய் இரு, வேலையைப் பழகு’ என்று அனுப்பிவிடுவார்கள். முன்பு அப்படிப் போன பலர் பரலீகலாகவே ஐந்து, ஆறு வருஷம் இருந்து, ட்ரெய்னிங் கொன்ட்ராக்ட் கிடைக்காமல் தொழிலை விட்டார்கள். 2021க்குப் பிறகு அந்தக் கதவு மாறியிருக்கிறது. பரலீகல் வேலை, இலவசச் சட்ட உதவி தரும் சட்ட மையத்தில் தொண்டு, பல்கலைக்கழகச் சட்ட உதவி முகாம் எல்லாம் தகுதி அனுபவமாகக் கணக்கில் வரும். மொத்தம் முழுநேரக் கணக்கில் இரண்டு வருஷம், நான்கு இடங்கள் வரை சேர்த்துக் காட்டலாம். பழைய அனுபவத்துக்குக் காலாவதி இல்லை.

ஒரு சொலிசிட்டரோ, அந்த நிறுவனத்தின் விதிக்கடைப்பிடிப்பு அலுவலரோ அதை உறுதிப்படுத்தி ஒப்பமிட வேண்டும். ‘இவர் திறமையானவர்’ என்ற சான்றிதழ் அல்ல அது. இவ்வளவு காலம் இருந்தார், தேவையான திறன்களை வளர்க்கும் வாய்ப்பு இருந்தது, நடத்தையில் குறை இல்லை என்பதுதான் உறுதி. அப்படியிருந்தும் இங்கேதான் பிள்ளைகள் விழுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி ஓர் அலுவலகத்தில் பதினெட்டு மாதம் வேலை செய்தார். விலகும்போது ஒப்பம் கேட்டார். ‘நீ மொழிபெயர்ப்பும் போட்டோகொப்பியும்தானே செய்தாய்’ என்றார்கள். வாக்குமூலங்களை எழுதியது, உள்துறை அமைச்சுக்குக் கடிதம் வரைந்தது, தீர்ப்பாயத்துக்கு ஆவணக் கட்டுத் தயாரித்தது எல்லாம் அவர் செய்தவையே. ஆனால் எழுத்தில் ஒன்றும் இல்லை. அவரை மேற்பார்த்த சொலிசிட்டரும் அதற்குள் வேறிடம் போயிருந்தார். கடைசியில் அந்தச் சொலிசிட்டரைத் தேடிப்பிடித்து, அவர் மனம் வைத்து ஒப்பமிட ஏழு மாதம் எடுத்தது.

அதனால் இந்த வழியில் போகும் எல்லோருக்கும் நான் இரண்டு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். வேலையில் சேரும் முதல் கிழமையிலேயே, யார் ஒப்பமிடுவார் என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்குங்கள். குடும்ப நண்பராக இருந்தாலும் கேளுங்கள். ‘அங்கிளிடம் எப்படிக் கேட்பது’ என்று தயங்குவதால்தான் பின்னால் அங்கிளோடு மனத்தாங்கல் வருகிறது. அடுத்தது, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பத்து நிமிடம் ஒதுக்கி, அந்தக் கிழமை செய்ததை எழுதுங்கள். வாடிக்கையாளர் பெயர் வேண்டாம். ‘வாக்குமூலம் ஒன்று முதல் வரைவு, மேற்பார்வையாளர் மூன்றாம் பந்தியில் திகதி முரணைக் காட்டினார், திருத்தினேன்’ என்றால் போதும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதை மேற்பார்வையாளருக்குக் காட்டி ஒப்பம் வாங்குங்கள்.

இந்த வழியில் பரீட்சைச் செலவு உங்களுடையது. எஸ்.கியு.ஈ. இரண்டு பகுதிக்கும் கட்டணம் மட்டும் கிட்டத்தட்ட 5,000 பவுண்ட். படிப்பு அதற்கு மேல். தனி எஸ்.கியு.ஈ. வகுப்புக்கு அரசக் கடன் இல்லை. முதுகலைப் பட்டத்தோடு சேர்ந்த வகுப்பு என்றால் முதுகலைக் கடன் கிடைக்கும், 2025-26 கல்வியாண்டில் தொடங்கிய படிப்புகளுக்கு அது 12,858 பவுண்ட் வரை. முதற்பகுதியில் இரண்டு நாளில் 360 பல்தேர்வுக் கேள்விகள். 2025 ஜனவரியில் தேறியவர்கள் 56 வீதம், ஜூலையில் 41 வீதம். ஆறு வருஷத்துக்குள் மூன்று தடவைதான் எழுதலாம். முழுநேர வேலையோடு இரவில் படித்து எழுதுவதென்றால் குறைந்தது எட்டு மாதமாவது வைத்துக்கொள்ளுங்கள். வேலை எதுவும் இல்லாமல் கடன் வாங்கி முதலில் பரீட்சையை முடித்துவிடலாம் என்று இறங்குவதை நான் ஏற்கமாட்டேன். வேலை இருந்தால் செலவை நிறுவனம் பகிரக் கேட்கலாம், படிப்பதும் செய்வதும் ஒன்றையொன்று தாங்கும். சமூகநலச் சட்டத்தில் வேலை செய்பவர்களுக்குப் பரீட்சைச் செலவைக் கொடுக்கும் நிதி ஒன்று இருக்கிறது. சட்ட மையங்களில் சம்பளத்தோடு பயிற்சி தரும் ஜஸ்டிஸ் ஃபர்ஸ்ட் ஃபெலோஷிப்பும் இருக்கிறது. வீட்டு வெளியேற்றம், அகதி வழக்கு போன்றவற்றில் மனம் உள்ளவர்கள் அதைத் தேடிப் பாருங்கள்.

இப்படித் தகுதி பெற்றவரும் முழுச் சொலிசிட்டர்தான், சொலிசிட்டர்களின் பதிவுப் பட்டியலில் வேறுபாடு இல்லை. ஆனால் ஒரே துறையில் இரண்டு வருஷம் இருந்தவர் இன்னொரு துறைக்குப் போவது கடினம். குடிவரவுச் சட்டமே வேண்டும் என்பவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. கம்பனிச் சட்டத்துக்குப் போக நினைப்பவர் இதை ஒரு நேரடி விண்ணப்பத்துக்கான அனுபவமாக எடுத்துக்கொண்டு, அங்கேயிருந்தே கொன்ட்ராக்டுக்கு எழுதுவது நல்லது.

ஏ லெவல் பிள்ளை வீட்டில் இருந்தால்

பெற்றோர் இதை வாசிக்க வேண்டும். சொலிசிட்டர் அப்ரென்டிஸ்ஷிப் 2016 முதல் நடக்கிறது. பதினெட்டு வயதில் நிறுவனத்தில் சேர்ந்து, ஐந்தாறு வருஷம் சம்பளத்தோடு வேலை செய்து, கிழமையில் ஒரு நாள் படித்து, எஸ்.கியு.ஈ. எழுதி வெளியே வரலாம். கல்விக் கட்டணம் பிள்ளைக்கு ஒரு சதமும் இல்லை. வருஷத்துக்கு 9,500 பவுண்டுக்கு மேல் கடன் ஏறும் காலத்தில் இது சின்ன விஷயமல்ல. ‘பல்கலைக்கழகம் போகாத பிள்ளையா’ என்று வீட்டில் அழுகை வருவதைக் கண்டிருக்கிறேன். பெரும்பாலான திட்டங்களில் சட்டப் பட்டமும் சேர்ந்தே வருகிறது, பட்டமளிப்புப் படம் சுவரில் மாட்டலாம். இடங்கள் குறைவு, போட்டி கடுமை. 2026 ஜனவரியில் இருந்து இங்கிலாந்தில் இதற்கான அரச நிதி, சில விலக்குகள் தவிர, தொடங்கும்போது 16 முதல் 21 வயதுக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே. ஆகவே பட்டம் முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று தள்ளிவைக்க இனி பெரும்பாலும் இடமில்லை. ஏ லெவல் இரண்டாம் ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ ஏற்கெனவே சட்டத்தரணியாக இருந்துவிட்டு வந்தவர்கள் இந்த வழிகளில் எதிலும் நுழையத் தேவையில்லை. வெளிநாட்டில் தகுதி பெற்றவர்களிடம் இரண்டு வருஷ அனுபவம் கேட்கப்படுவதில்லை, எஸ்.கியு.ஈ.யிலும் நன்னடத்தைச் சோதனையிலும் தேறினால் போதும். அதைத் தெரியாமல் பரலீகலாக இரண்டு வருஷத்தைக் கழித்த அண்ணா ஒருவர் இருக்கிறார். மாணவர் விசாவில் இருப்பவர்கள் நிறுவனத்துக்கு ஸ்பொன்சர் உரிமம் உண்டா என்று அரச இணையத்தளத்தில் உள்ள பட்டியலில் முதலில் பார்த்துவிட்டு எழுதுங்கள். தெருவோரச் சிறு அலுவலகங்களில் பலவற்றுக்கு அது இல்லை.

எந்த வழியில் போனாலும் படிவத்தில் ஒரு பகுதி வரும். பாடசாலையில் இலவச மதிய உணவு பெற்றீர்களா, அகதியாக வந்தீர்களா, வீட்டில் யாரையாவது பராமரித்தீர்களா என்று கேட்பார்கள். பல நிறுவனங்கள் பெறுபேறுகளை இந்தப் பதில்களோடு சேர்த்து வைத்தே பார்க்கின்றன. நம் பிள்ளைகள் இதை வெறுமையாக விடுகிறார்கள். வெட்கம். வீட்டு விஷயத்தை வெளியே சொல்வதா என்ற கூச்சம். போன ஒக்டோபரில் ஒரு பிள்ளை தன் படிவத்தை என்னிடம் காட்டினாள். ஏ லெவலில் ஒரு பாடம் குறைந்திருந்தது. காரணம் எழுதும் கட்டம் காலி. கேட்டேன். அந்த வருஷம் அம்மாவுக்கு டயலிசிஸ், கிழமையில் மூன்று நாள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, இவள்தான் கூடப் போய் தாதிமார் சொல்வதை மொழிபெயர்த்தாள். ‘அதையெல்லாம் எழுதலாமா அக்கா’ என்றாள். மேசையில் உட்கார்ந்து அவளே எழுதினாள், நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. எத்தனை நாள், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, பாடசாலைக்கு யார் அறிவித்தார்கள், அந்தக் கடிதம் இணைப்பில் உண்டு. நான்கு வரி.